ஓரத்தை மட்டும் வெட்டினால் போதுமா?

உட்லண்ட்ஸில் வீவக புளோக்குகளுக்கு இடையே தினமும் நடக்கிறோம். ஒரு பக்கம் புல்தரை, மறுபக்கம் கான்கிரீட் நடைபாதை. இரண்டையும் பிரிக்கும் கோட்டை யாரும் கவனிப்பதில்லை. ஆனால் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் சிங்கப்பூரில் அந்தக் கோடு தானாக நிலைத்திருப்பதில்லை. சில மாதங்கள் கவனிக்காமல் விட்டால் புல் பாதைமீது ஏறிவிடும்.

அதனால் என்ன என்று கேட்கலாம். பாதையின் அகலம் 1.5 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். இருபுறமும் 15 சென்டிமீட்டர் புல் ஏறினால் மீதி இருப்பது 1.2 மீட்டர்தான். ஒரு சக்கர நாற்காலியின் அகலம் ஏறத்தாழ 65 சென்டிமீட்டர். முன்பு எதிரெதிரே வந்த இரண்டு நாற்காலிகள் நெருக்கமாகவேனும் கடந்து செல்ல முடிந்தது. இப்போது ஒன்று ஒதுங்கி நிற்க வேண்டும். மூத்தோருக்கான வீடுகளும் மருத்துவ நிலையமும் ஒரே கட்டடத்தில் உள்ள கம்போங் அட்மிரல்ட்டி போன்ற இடங்களைச் சுற்றி இது சின்ன விஷயமல்ல.

இந்த ஓரத்தை நேராக்கும் கருவிக்கு எட்ஜர் என்று பெயர். பெட்ரோலில் ஓடியவற்றுக்குப் பதிலாக இப்போது மின்கலனில் ஓடும், கம்பியில்லா எட்ஜர்கள் வந்துவிட்டன. இந்தச் சிறிய கருவிக்குள் உயிரியல், இயற்பியல், வேதியியல், கணிதம் நான்குமே இருக்கின்றன.

புல் எப்படி ‘நடக்கிறது’?

சிங்கப்பூரின் திடல்களிலும் சாலையோரங்களிலும் அதிகம் காணப்படும் அகன்ற இலைப் புல்லைத் தோட்டக்காரர்கள் ‘கவ் கிராஸ்’ என்பார்கள். அறிவியல் பெயர் ஆக்சோனோபஸ் கம்ப்ரெசஸ். இதன் சொந்த ஊர் அமெரிக்க வெப்பமண்டலம்.

இந்தப் புல் தரையோடு தரையாகக் கிடைமட்டத் தண்டுகளை நீட்டுகிறது. ஓடுதண்டு எனப்படும் அந்தத் தண்டில் பல கணுக்கள் உண்டு. ஈரம் கிடைத்தால் ஒவ்வொரு கணுவிலிருந்தும் கீழே வேரும் மேலே இலையும் கிளம்பும். கான்கிரீட்டில் வேர் இறங்காது. ஆனால் மழைத்துளி தெறிக்கும் மண் பாதையோரத்தில் மெல்லியதாகப் படிகிறது. ஓடுதண்டு அந்த மண்ணைப் பிடித்துக்கொள்ள, மேலும் மண் சேர்கிறது. மண் சேரச் சேரப் புல்லும் முன்னேறுகிறது.

புல்லின் நுனியை வெட்டினால் இந்தப் பயணம் நிற்காது. புல் வளரும் இடம் இலையின் நுனியில் இல்லை, அடியில் இருக்கிறது. மாடு மேய்ந்தாலும் இயந்திரம் வெட்டினாலும் அது மீண்டும் வளர்வதற்கு அதுவே காரணம். முன்னேற்றத்தை நிறுத்த வேண்டுமானால் ஓடுதண்டையே துண்டிக்க வேண்டும். அதற்கு மேலிருந்து கீழாக, மண்ணுக்குள் சில சென்டிமீட்டர் இறங்கும் வெட்டு தேவை.

நிமிர்ந்து சுழலும் கத்தி

புல்வெட்டும் இயந்திரத்தின் கத்தி தரைக்கு இணையாகச் சுழலும். 1830ல் இங்கிலாந்தின் எட்வின் பட்டிங், துணி ஆலையில் கம்பளித் துணியின் மயிரைச் சீராக வெட்டும் பொறியைப் பார்த்து முதல் புல்வெட்டும் இயந்திரத்தை உருவாக்கினார். எட்ஜரின் கத்தி அப்படியன்று. சைக்கிள் சக்கரம்போல் நிமிர்ந்து சுழலும். ஒரு சிறு சக்கரம் கான்கிரீட்மீது உருள, கத்தி பாதையின் விளிம்பை ஒட்டி மண்ணைக் கீறிச் செல்லும்.

இன்று எங்கும் காணப்படும் நைலான் இழை டிரிம்மர்கூட எட்ஜரிலிருந்து பிறந்ததுதான். 1971ல் அமெரிக்காவின் ஹியூஸ்டன் நகரில் ஜார்ஜ் பல்லாஸ் என்பவர் கார் கழுவும் நிலையத்தில் சுழலும் தூரிகைகளைக் கண்டார. வீட்டுக்கு வந்து ஒரு பாப்கார்ன் தகரடப்பாவில் துளையிட்டு, தூண்டில் நரம்பைக் கோத்து, அதை எட்ஜரில் பொருத்திச் சுழலவிட்டார். புல் வெட்டுப்பட்டது!

சுழலும் கத்தியின் வேகத்தைக் கணக்கிடலாம். விட்டம் 20 சென்டிமீட்டர், நிமிடத்திற்கு 4,500 சுற்று என்று கொள்வோம். ஒரு விநாடிக்கு 75 சுற்று. ஒரு சுற்றில் நுனி கடக்கும் தூரம் 0.63 மீட்டர். ஆக, நுனியின் வேகம் விநாடிக்கு 47 மீட்டர், அதாவது மணிக்கு ஏறத்தாழ 170 கிலோமீட்டர்.

5 கிராம் எடையுள்ள கூழாங்கல் ஒன்று கத்தியில் பட்டு விநாடிக்கு 40 மீட்டர் வேகத்தில் தெறித்தால் அதன் இயக்க ஆற்றல் 4 ஜூல். ஒரு கிலோ அரிசிப் பொட்டலம் 40 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விழும்போது பெறும் ஆற்றல் அது. அவ்வளவும் ஒரு கல்லின் முனையில் குவிந்து கண்ணைத் தாக்கினால் பார்வை போய்விடும். பாதுகாப்புக் கண்ணாடியும் கத்தியின் உறையும் கட்டாயம் என்பது இதனால்தான். கத்தியில் சிக்கிய புல்லை எடுக்கும் முன்பு மின்கலனைக் கழற்ற வேண்டும். வேலை செய்பவரின் அருகே நடந்து செல்லும் நாமும் அவர் கருவியை நிறுத்தும்வரை காத்திருக்க வேண்டும்.

மின்கலனின் கணக்கு

லித்தியம் அயனி மின்கலன் 1991ல் சந்தைக்கு வந்தது. அதற்கு அடித்தளமிட்ட ஜான் குட்எனஃப், ஸ்டான்லி விட்டிங்ஹம், அகிரா யோஷினோ மூவரும் 2019ல் வேதியியல் நோபெல் பரிசைப் பெற்றனர். தோட்டக் கருவிகளின் மின்கலனைத் திறந்து பார்த்தால் உள்ளே விரலளவுச் சிறு கலங்கள் இருக்கும். ஒவ்வொன்றும் 3.6 வோல்ட். ஐந்தைத் தொடராக இணைத்தால் 18 வோல்ட். கொள்ளளவு 5 ஆம்பியர்-மணி என்றால் மொத்த ஆற்றல் 18 × 5 = 90 வாட்-மணி.

ஒரு லிட்டர் பெட்ரோலில் இருப்பதோ சுமார் 9,000 வாட்-மணி. நூறு மின்கலன்களுக்குச் சமம்! சிறிய இயந்திரம் அதில் பெரும்பகுதியை வெப்பமாக வீணடித்தாலும் பெட்ரோலே முந்துகிறது. பரந்த திடல்களில் நாள் முழுவதும் புல் வெட்ட மின்கலன் இன்னும் திணறுவது இதனால்தான்.

ஓர வேலை வேறு. எட்ஜரின் மோட்டார் 300 வாட் எடுத்துக்கொள்கிறது என்று வைத்துக்கொண்டால், 90 வாட்-மணி 18 நிமிடத்துக்குப் போதும். விநாடிக்கு 0.4 மீட்டர் என மெதுவாக நடந்தாலும் 400 மீட்டருக்கு மேல் ஓரம் வெட்டலாம்.

காதும் கையும்

வீவக வட்டாரங்களில் இந்த வேலையைச் செய்பவர்களில் பலர் தமிழ்நாட்டிலிருந்தும் பங்ளாதேஷிலிருந்தும் வந்த ஊழியர்கள். பெட்ரோல் இயந்திரத்தின் சத்தத்தை நாம் ஜன்னலை மூடித் தவிர்க்கலாம், அவர்களால் முடியாது.

சிங்கப்பூரின் வேலையிட விதிகளின்படி 85 டெசிபல் சத்தத்தில் எட்டு மணி நேரம்வரைதான் இருக்கலாம். டெசிபல் அளவுகோல் மடக்கை முறையில் அமைந்தது. 3 டெசிபல் கூடினால் ஒலி ஆற்றல் இரட்டிப்பாகும், அனுமதிக்கப்படும் நேரம் பாதியாகும். 88 டெசிபலுக்கு நான்கு மணி நேரம், 91க்கு இரண்டு, 94க்கு ஒன்று மட்டுமே. பெட்ரோல் புல்வெட்டிகள் இந்த எல்லைகளை எளிதில் தாண்டுகின்றன. மேலும், அவற்றின் அதிர்வை ஆண்டுக்கணக்கில் பிடித்திருக்கும் கைகளில் இரத்த ஓட்டம் பாதிக்கப்பட்டு விரல்கள் வெளிறி மரத்துப்போகும் நோய் வரக்கூடும். புகையும் உண்டு. இருவீச்சு இயந்திரத்தில் எண்ணெய் கலந்த பெட்ரோலின் ஒரு பகுதி எரியாமலேயே வெளியேறுகிறது.

மின்மோட்டாரில் புகை இல்லை, அதிர்வும் சத்தமும் பொதுவாகக் குறைவு. கத்தி மண்ணில் மோதும் ஓசை மட்டும் மாறாது, எனவே காதுறை இன்னமும் தேவை.

வெட்டாமல் விட்டபோது

2020 ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரை கொவிட்-19 முறியடிப்புக் காலத்தில் புல் வெட்டும் பணி பல இடங்களில் தடைபட்டது. திடல்களில் புல் நெடிது வளர்ந்தது. வெட்டுக்காயப் பூண்டும் தொட்டாற்சுருங்கியும் பூத்தன, வண்ணத்துப்பூச்சிகள் வந்தன. சிலர் படமெடுத்து மகிழ்ந்தனர். சிலர் கொசு பெருகுமோ, பாம்பு வருமோ என்று அஞ்சினர். 1967 முதல் பூந்தோட்ட நகரமாக வளர்ந்த நாட்டில் வெட்டாத புல் ‘கவனிப்பாரற்ற இடம்’ என்று தோன்றுவது இயல்பே.

இதற்கு விடை ஓரத்தில் இருக்கலாம். அமெரிக்க நிலவடிவமைப்பு அறிஞர் ஜோன் நாசவர் 1995ல் எழுதிய கட்டுரையில் ஒரு கருத்தை முன்வைத்தார். காடுபோல் வளர்ந்த இடத்தை மக்கள் வெறுப்பதில்லை. யாரோ அதைப் பராமரிக்கிறார்கள் என்பதற்கு அடையாளம் தெரிந்தால் போதும். விளிம்பில் ஒழுங்காக வெட்டிய புல் அத்தகைய அடையாளங்களில் ஒன்று.

கணிதத்தில் பார்ப்போம். 50 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலமுள்ள புல்வெளியின் பரப்பு 1,000 சதுர மீட்டர். சுற்றிலும் அரை மீட்டர் அகலப் பட்டையை மட்டும் வெட்டினால், உள்ளே வெட்டாமல் இருப்பது 49 × 19 = 931 சதுர மீட்டர். வெட்டியது 69 சதுர மீட்டர், அதாவது 7 விழுக்காடுகூட இல்லை! இதன் சுற்றளவு 140 மீட்டர். நம் கணக்கின்படி ஒரு மின்கலனில் இப்படிப்பட்ட மூன்று புல்வெளிகளின் விளிம்பை எட்ஜரால் நேராக்கலாம். பட்டையின் மீதிப் புல்லை வெட்ட இன்னொரு மின்கலன் தேவைப்படலாம்.

பிள்ளைகள் பந்தாடும் திடலையும் சாலைச் சந்திப்பில் பார்வையை மறைக்கும் புல்லையும் முழுமையாக வெட்டத்தான் வேண்டும். ஆனால் யாரும் கால் வைக்காத சரிவுகளையும் மூலைகளையும் மாதந்தோறும் மொட்டையடிக்க வேண்டுமா? பாதை அகலமாக இருக்கும், ஊழியரின் காது தப்பும், புல்விதை தின்னும் சில்லைக் குருவிக்கும் உணவு கிடைக்கும். இவை மூன்றும் ஒரே கோட்டில் சந்திக்கின்றன.

செய்து பாருங்கள்

உங்கள் புளோக்கின் கீழே நடைபாதையின் ஓர் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். கான்கிரீட் விளிம்பிலிருந்து புல் எத்தனை சென்டிமீட்டர் ஏறியுள்ளது என்று அளவுகோலால் அளந்து தேதியோடு குறித்துக்கொள்ளுங்கள். வாரம் ஒருமுறை, அடுத்த வெட்டு நடக்கும்வரை அளந்து வரைபடம் வரையுங்கள். மழை பெய்த வாரத்தில் கோடு செங்குத்தாக ஏறுகிறதா? நிழலிலும் வெயிலிலும் வேகம் ஒன்றா? புல்வெளிக்கு எத்தனை நாளுக்கு ஒருமுறை வெட்டு தேவை என்பதை உங்கள் வரைபடமே சொல்லும்.