ரத்த கவுண்ட் குறைந்தால் மாத்திரையை நிறுத்தலாமா?



குழுக் கூட்டத்தில் ஒருவர் சோர்வாக உட்கார்ந்திருந்தால், "என்னக்கா, ரத்தம் கம்மியா?" என்றுதான் முதலில் கேட்போம். உடனே முருங்கைக்கீரை, பேரீச்சம்பழம், சத்து மாத்திரை என்று ஆளுக்கொரு யோசனை சொல்வோம். பல நேரம் அது சரியாகவும் இருக்கும். ஆனால் ஒரு சகோதரி விஷயத்தில் நாங்கள் சொன்ன யோசனை தப்பாகப் போச்சு. அதை மறைக்காமல் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

அந்தச் சகோதரி கல்வராயன் மலையில் உள்ள ஒரு குழுவின் உறுப்பினர். மரவள்ளிக் காட்டில் வேலை செய்பவர். முதுகு வலியும் மூச்சு வாங்குவதும் மாதக்கணக்கில் இருந்தது. ரத்தம் கம்மி என்று டானிக் குடித்துப் பார்த்தார், தீரவில்லை. கடைசியில் வெளியூர் பெரிய ஆஸ்பத்திரியில் பரிசோதித்தபோது 'மல்டிபிள் மைலோமா' என்று சொன்னார்கள். சிகிச்சை எடுத்தார், நோய் அடங்கியது. வீட்டிலேயே சாப்பிட ஒரு மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள்.

மூன்றாம் மாதம் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைக் கூட்டத்துக்கே எடுத்து வந்துவிட்டார். முன்பு 1,60,000 இருந்த தட்டணு 70,000 ஆகியிருந்தது. வெள்ளை அணுவும் இறங்கியிருந்தது. "மாத்திரைதான் ரத்தத்தை உறிஞ்சுது போல. கொஞ்ச நாள் நிறுத்திப் பாருங்க" என்று சொன்னது வேறு யாரும் இல்லை, நாங்கள்தான். அவரும் நிறுத்திவிட்டார். டாக்டரிடம் சொல்லவும் இல்லை.

இது என்ன நோய்?

நம் எலும்புக்குள் மஜ்ஜை இருக்கிறது. ரத்த அணுக்கள் எல்லாம் அங்கேதான் உற்பத்தியாகின்றன. கிருமியை எதிர்க்கும் பொருளைச் செய்கிற 'பிளாஸ்மா செல்' என்ற அணுவும் அங்கே இருக்கிறது. அந்த அணு கட்டுப்பாடு இல்லாமல் பெருகினால் அதுதான் மைலோமா. இது ஒருவகை ரத்தப் புற்றுநோய். ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றாது. எலும்பு பலவீனமாகும், சோகை வரும், சிறுநீரகம் கெடும், அடிக்கடி தொற்று வரும். அதனால்தான் முதுகு வலியையும் சோர்வையும் வயசுக் கோளாறு என்று மாதக்கணக்கில் விட்டுவிடக் கூடாது.

நோய் அடங்கிய பிறகும் ஏன் மாத்திரை?

கொல்லையில் கோரையை எவ்வளவுதான் பிடுங்கினாலும் மண்ணுக்குள் கிழங்கு தங்கிவிடும். மழை பெய்தால் மறுபடி முளைக்கும். இந்த நோயும் அப்படித்தான். அடங்குமே தவிர, பெரும்பாலும் வேரோடு போகாது. மறுபடி தலை தூக்குவதைத் தள்ளிப் போடத்தான் நீண்ட நாள் மாத்திரை. இதைப் பராமரிப்பு சிகிச்சை என்பார்கள். இதற்கு அதிகமாகத் தரப்படுவது 'லெனாலிடோமைடு' என்ற மாத்திரை. பலர் இதை வருடக்கணக்கில் சாப்பிடுகிறார்கள். உடம்பு நன்றாக இருக்கும்போதும் சாப்பிட வேண்டியிருப்பதால், "இனிமே எதுக்கு?" என்ற எண்ணம் வருவது இயல்பு.

கவுண்ட் ஏன் இறங்குகிறது?

இந்த மாத்திரை கெட்ட அணுவை அடக்கும்போது மஜ்ஜையின் நல்ல உற்பத்தியையும் கொஞ்சம் மந்தமாக்குகிறது. எந்த அணுவுக்கு ஆயுள் குறைவோ அதுதான் முதலில் குறையும். வெள்ளை அணுக்களில் 'நியூட்ரோஃபில்' என்பது ரத்தத்தில் ஒரு நாள் இருந்தாலே அதிகம். தட்டணு 10 நாள் வரை இருக்கும். சிவப்பணு 120 நாள் வாழும். தினம் வாங்கித் தினம் சமைக்கிற வீட்டில் ஒரு நாள் கடை இல்லாவிட்டாலும் தெரிந்துவிடும். குதிர் நிறைய தானியம் இருக்கிற வீட்டில் உடனே தெரியாது. அதுபோலத்தான் இதுவும்.

ரிப்போர்ட்டில் பார்க்க வேண்டிய மூன்று வரி

ஒன்று, ஹீமோகுளோபின். பெண்களுக்கு 12 கிராமுக்குக் கீழே போனால் சோகை.

இரண்டு, வெள்ளை அணு. மொத்தம் 4,000 முதல் 11,000 வரை இருக்கலாம். மொத்தத்தை மட்டும் பார்த்தால் போதாது. அதில் நியூட்ரோஃபில் எத்தனை சதவீதம் என்று பாருங்கள். மொத்தம் 2,500, நியூட்ரோஃபில் 40 சதவீதம் என்றால் கணக்கு 1,000. வட்டிக் கணக்கு போடுகிற நமக்கு இது பெரிய கணக்கா? 1,000க்குக் கீழே வந்தால் கவனம் தேவை. 500க்குக் கீழே வந்தால் ஆபத்து.

மூன்று, தட்டணு. பிளேட்லெட் என்று எழுதியிருக்கும். 1.5 லட்சம் முதல் 4.5 லட்சம் வரை சாதாரணம். 50,000க்குக் கீழே போனால் பல் பிடுங்குவது, அடிபடுவது எல்லாவற்றிலும் எச்சரிக்கை வேண்டும். 20,000க்குக் கீழே போனால் அடிபடாமலேயே ரத்தம் கசியலாம்.

எண் ஒன்று, காரணம் பல

கவுண்ட் குறைந்தால் நோய் திரும்பிவிட்டது என்று பயந்துவிடாதீர்கள். மாத்திரையாலும் குறையும், நோய் திரும்பினாலும் குறையும். டெங்கு, இரும்புச்சத்துக் குறைவு, அபூர்வமாக வேறொரு ரத்த நோய் என்றும் இருக்கலாம். எது என்று ரிப்போர்ட் தாளைப் பார்த்து நாமே சொல்ல முடியாது. டாக்டர் நோயின் புரத அளவையும் சிறுநீரக அளவையும் சேர்த்துப் பார்த்துத்தான் முடிவு செய்வார்.

மாத்திரைதான் காரணம் என்றால் அதற்கும் வழி உண்டு. சில நாள் நிறுத்தி, கவுண்ட் ஏறியதும் குறைந்த அளவில் மறுபடி தொடங்குவார்கள். நிறுத்துவது தப்பில்லை, நாமாக நிறுத்துவதுதான் தப்பு. கீரையும் பழமும் சாப்பாட்டுக்கு நல்லவை. ஆனால் மாத்திரையால் குறைந்த தட்டணுவை அவை ஏற்றிவிடாது. நாட்டு மருந்து எதுவானாலும் டாக்டரிடம் சொல்லிவிட்டுச் சாப்பிடுங்கள். முதுகு வலி என்று கடையில் வலி மாத்திரை வாங்கிப் போடாதீர்கள். இந்த நோயில் அது சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும்.

காய்ச்சல் என்றால் காலை வரை காத்திருக்காதீர்கள்

வெள்ளை அணு குறைந்தவருக்குக் காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் அது அவசரம். ஒரு மாத்திரை போட்டுத் தூங்கலாம், விடிந்ததும் மலை இறங்கலாம் என்று இருக்கக் கூடாது. ராத்திரியானாலும் 108க்குப் போன் செய்யுங்கள். வந்தவர்களிடம், "புற்றுநோய் மாத்திரை சாப்பிடுகிறார், வெள்ளை அணு குறைவு" என்று முதலிலேயே சொல்லுங்கள். பீகாரின் புகழ்பெற்ற நாட்டுப்புறப் பாடகி சாரதா சின்ஹா மைலோமாவோடு பல ஆண்டுகள் வாழ்ந்தவர். 2024 நவம்பர் 5 அன்று டில்லி எய்ம்ஸில் அவர் உயிர் பிரிந்தது, ரத்தத்தில் பரவிய தொற்றால். பயமுறுத்தச் சொல்லவில்லை. தொற்றை எவ்வளவு கவனமாகப் பார்க்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறோம்.

ஈறில், மூக்கில் ரத்தம் வந்தாலும், தோலில் சிவப்புப் புள்ளி தெரிந்தாலும், ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலும், நெஞ்சு வலி, மூச்சுத் திணறல் வந்தாலும் உடனே போக வேண்டும். கால் வீக்கம் ரத்தக் கட்டாக இருக்கலாம்.

கர்ப்பிணிகள் தொடவே கூடாது

லெனாலிடோமைடு 'தாலிடோமைடு' என்ற மருந்தின் தங்கச்சி மாதிரி. தாலிடோமைடு 1957இல் ஜெர்மனியில் விற்பனைக்கு வந்தது. மசக்கைக்காக அதைச் சாப்பிட்ட தாய்மார்களுக்குக் கை கால் வளராத குழந்தைகள் ஆயிரக்கணக்கில் பிறந்தன. 1961இல் அங்கே அதை நிறுத்தினார்கள். அதே மருந்து மைலோமாவை அடக்கும் என்பது 1999இல் உலகுக்குத் தெரிய வந்தது. ஆகவே கர்ப்பிணிகளும், கருத்தரிக்கும் வாய்ப்புள்ள பெண்களும் இந்த மாத்திரையைக் கையால் தொடக் கூடாது. மாமியாருக்கு மருந்து எடுத்துக் கொடுக்கும் மருமகள்கள் இதை மறக்க வேண்டாம். மாத்திரையைப் பிரிக்கவோ உடைக்கவோ கூடாது.

ரத்தத்துக்கும் ஒரு பாஸ்புக்

சகோதரிகளே, ஒரு மாத வரவை மட்டும் பார்த்து நம்ம குழு நல்ல குழுவா இல்லையா என்று சொல்வோமா? ஒரு வருடக் கணக்கைப் பார்ப்போம். ரத்தக் கணக்கும் அப்படித்தான். ஒரு நாற்பது பக்க நோட்டில் தேதி, ஹீமோகுளோபின், வெள்ளை அணு, நியூட்ரோஃபில், தட்டணு, மாத்திரை அளவு என்று கட்டம் போட்டு எழுதி வையுங்கள். ஏறுகிறதா, இறங்குகிறதா, அதே இடத்தில் நிற்கிறதா என்று பார்த்தவுடன் தெரியும். மாத்திரை தொடங்கிய புதிதில் பரிசோதனை அடிக்கடி இருக்கும், பிறகு பெரும்பாலும் மாதம் ஒரு முறை. முடிந்தவரை ஒரே லேபில் எடுங்கள்.

இதற்காக ஒவ்வொரு முறையும் சென்னை அடையாறுக்கோ, புதுச்சேரி ஜிப்மருக்கோ, வேலூருக்கோ ஓட வேண்டியதில்லை. 2019இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆனது. 2022 ஜனவரியில் இங்கே அரசு மருத்துவக் கல்லூரியும் திறக்கப்பட்டது. ரத்தப் பரிசோதனையைப் பக்கத்திலேயே எடுக்கலாமா என்று உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் எதெது வரும் என்று ஆஸ்பத்திரியில் உள்ள காப்பீட்டுப் பிரிவில் விசாரியுங்கள்.

அந்தச் சகோதரி என்ன ஆனார்?

இரண்டு கூட்டத்துக்கு அவர் வரவில்லை. விசாரிக்கப் போன ஊக்குநரிடம், "நீங்கதானே நிறுத்தச் சொன்னீங்க, அதான் நிறுத்திட்டேன்" என்றார். எங்களுக்குச் சுருக்கென்றது. மறுநாளே இரண்டு பேர் துணைக்குப் போனோம். பஸ் செலவுக்குக் குழுவில் உள்கடன் கொடுத்தோம். டாக்டர் கோபித்துக்கொள்ளவில்லை. "கவுண்ட் குறைஞ்ச அன்னைக்கே வந்திருந்தா நானே நிறுத்தி, அளவைக் குறைச்சிருப்பேனேம்மா" என்றார். நல்ல வேளை, நோய் திரும்பவில்லை. அளவு குறைத்த மாத்திரையை இப்போது சாப்பிடுகிறார். தட்டணு ஒரு லட்சத்தைச் சுற்றியே நிற்கிறது. அது அவருக்குப் போதும் என்கிறார் டாக்டர்.

அன்று முதல் எங்கள் தீர்மான நோட்டில் ஒரு தீர்மானம் இருக்கிறது: மருந்தைப் பற்றி யாரும் யோசனை சொல்வதில்லை, துணைக்குப் போகிறோம். உங்கள் குழுவிலும் இந்தத் தீர்மானத்தை எழுதுவீர்களா சகோதரிகளே?