விலை மறைக்கப்பட்ட தடுப்பூசி வியாபாரம்

முற்பணம் கொடுத்துச் சாமான் எடுப்பது நமது வியாபாரிகளுக்குப் புதிய விடயமல்ல. முழுத் தொகையையும் முன்கூட்டியே செலுத்தி, பொருளைப் பின்னர் பெற்றுக்கொள்ளும் முறைக்கு இஸ்லாமிய வணிகச் சட்டத்தில் 'ஸலம்' என்று பெயர். நபி (ஸல்) அவர்கள் மதீனாவுக்கு வந்தபோது அங்குள்ளோர் பழங்களுக்கு ஓரிரு வருடங்கள் முன்னதாகவே பணம் கொடுத்து வந்தனர். அதனை அவர்கள் தடுக்கவில்லை. அளவு, நிறை, தவணை மூன்றும் அறியப்பட்டதாக இருக்க வேண்டும் என்றே வரையறுத்தார்கள். விலையோ தவணையோ தெரியாத வியாபாரத்தில் 'கரர்' இருப்பதாகவே ஃபிக்ஹு அறிஞர்கள் கூறுவர்.

கொவிட் தடுப்பூசி வியாபாரமும் முற்பண வியாபாரம்தான். 2020இல், மருந்து கண்டுபிடிக்கப்படும் முன்னரே, பணக்கார நாடுகள் கம்பனிகளுக்குப் பணம் கட்டி ஓடரைப் பதிந்துகொண்டன. ஏனைய நாடுகளுக்காக 'கொவெக்ஸ்' என்ற கூட்டுத் திட்டம் ஆரம்பிக்கப்பட்டது. பலர் சேர்ந்து மொத்தமாக வாங்கி, சனத்தொகைக்கேற்பப் பங்கிடுவதே அதன் நோக்கம். 2021 முடிவதற்குள் 200 கோடி டோஸ்கள் கொடுப்பது இலக்கு. எனினும், நூறாவது கோடி டோஸே 2022 ஜனவரி நடுப்பகுதியில்தான் போய்ச் சேர்ந்தது. காரணம், கடை வைத்திருக்கும் எவருக்கும் புரியும். கொவெக்ஸின் கையில் பணம் சேர்வதற்குள் ஓடர் புத்தகம் நிரம்பிவிட்டது. அத்துடன் அது பெரும்பாலும் ஒரே வழங்குனரை, இந்தியாவின் சீரம் நிறுவனத்தை, நம்பியிருந்தது. 2021 மார்ச்சில் இந்தியாவில் தொற்று பெருகியதும் ஏற்றுமதி நின்றது.

அதன் தாக்கம் நம் வீடுகளுக்கும் வந்தது. 2021 ஜனவரி 28ஆம் திகதி இந்தியா அன்பளிப்பாகத் தந்த 5 இலட்சம் டோஸ்கள், காசு கொடுத்து வாங்கிய 5 இலட்சம், கொவெக்ஸ் மூலம் மார்ச் 7ஆம் திகதி கிடைத்த 2 இலட்சத்து 64 ஆயிரம், இவ்வளவுதான் இலங்கைக்கு வந்த கோவிஷீல்ட். இதனை நம்பி 9 இலட்சத்துக்கும் அதிகமானோருக்கு முதலாவது ஊசி ஏற்றப்பட்டது. இரண்டாவது ஊசிக்குப் பல இலட்சம் பேர் காத்திருந்தனர். ஜூலை 31ஆம் திகதி ஜப்பான் அனுப்பிய தொகுதி வந்து சேரும் வரை அந்தக் காத்திருப்பு நீடித்தது. பெப்ரவரியில் முதல் ஊசி பெற்றவருக்கு அது ஐந்து மாதங்களுக்கும் மேல்.

இனி விலையைப் பார்ப்போம். உண்மையான கோளாறு இங்குதான் இருக்கிறது.

சினோபாம் ஊசிக்கு இலங்கை டோஸ் ஒன்றுக்கு 15 டொலர் கொடுக்க இணங்கியது. அதே ஊசியை 10 டொலருக்கு வாங்குவதாக 2021 மே மாதம் பங்களாதேஷ் அதிகாரி ஒருவர் வெளியில் சொல்லிவிட்டார். அப்போதுதான் நமக்கு ஒப்பிட்டுப் பார்க்க ஒரு விலை கிடைத்தது. விலையை வெளியிடக்கூடாது என்ற நிபந்தனை இருந்ததாலேயே அந்தச் செய்தி அங்கே பெரும் சர்ச்சையாகியது. பக்கத்துக் கடைக்காரன் என்ன விலைக்கு எடுக்கிறான் என்று தெரியாமல் மொத்த வியாபாரியிடம் பேரம் பேசப் போனவனின் நிலைதான் நமது அரசாங்கத்தின் நிலையும்.

தென்னாபிரிக்காவின் கதை இன்னும் தெளிவானது. அங்கே ஒரு தொண்டு நிறுவனம் வழக்குத் தொடுத்து, 2023 ஓகஸ்டில் பிரிட்டோரியா உயர் நீதிமன்றத்தின் உத்தரவின் பேரில் தடுப்பூசி ஒப்பந்தங்களை வெளியே எடுத்தது. சீரம் நிறுவனத்தின் ஊசிக்குத் தென்னாபிரிக்கா கொடுத்தது 5.35 டொலர். அதே வகை அஸ்ட்ராசெனக்கா ஊசிக்கு ஐரோப்பிய ஒன்றியம் கொடுத்ததோ சுமார் 2.15 டொலர். ஏழை வாங்குனர் இரு மடங்குக்கும் மேல் கொடுத்திருக்கிறார். ஐரோப்பாவின் விலையும் முறையாக வெளிவந்ததல்ல. 2020 டிசம்பரில் பெல்ஜிய அமைச்சர் ஒருவர் விலைப்பட்டியலைத் தவறுதலாகத் தமது ட்விட்டரில் போட்டுவிட்டதால் உலகம் அறிந்துகொண்டது!

ஐரோப்பாவுக்கும் சாமான் தாமதமாகியது. ஒப்பந்தத்தில் கம்பனி வாக்களித்திருந்தது 'நியாயமான அளவு சிறந்த முயற்சி' எடுப்பதாக மட்டுமே. ஆயினும் பெரிய வாங்குனர் என்பதால் ஐரோப்பிய ஒன்றியம் பிரஸல்ஸ் நீதிமன்றம் வரை சென்றது. நமக்கு அந்த வசதியும் இருக்கவில்லை.

வெளியே நடந்ததை மட்டும் சொல்லிவிட்டு நாட்டுக்குள் நடந்ததை விட்டுவிட முடியாது. முதியோருக்கு முதலில் என்ற வரிசை இங்கும் ஒழுங்காகப் பின்பற்றப்படவில்லை. 2021 பெப்ரவரியிலேயே மேல் மாகாணத்தில் 30 வயதுக்கு மேற்பட்டோருக்கு ஊசி ஏற்றும் பணி ஆரம்பமாகியது. ஏனைய மாகாணங்களின் முதியவர்கள் காத்திருந்தார்கள். கையில் எத்தனை டோஸ் இருக்கிறது, எந்தப் பிரிவுக்கு எத்தனை போகிறது என்ற கணக்கு அந்தந்தச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் வாசலில் தினமும் ஒட்டப்பட்டிருந்தால், சந்தேகத்துக்கும் சிபாரிசுக்கும் இவ்வளவு இடம் இருந்திருக்காது. பங்குக் கடையில் இருப்புப் பலகை தொங்கவிடும் பழக்கம் எதற்கென்பது பழைய வியாபாரிகளுக்குத் தெரியும்.

உலக சுகாதார ஸ்தாபனத்தின் உறுப்பு நாடுகள் 2025 மே 20ஆம் திகதி பெருந்தொற்று உடன்படிக்கையை ஏற்றுக்கொண்டன. இதில் சேரும் உற்பத்தியாளர்கள், தொற்றுக் காலத்தில் தமது உற்பத்தியில் 20 சதவீதத்தை ஸ்தாபனத்துக்கு ஒதுக்க வேண்டும். அதில் குறைந்தது பாதி இலவசமாக, மீதி கட்டுப்படியான விலையில். இதற்கான விரிவான விதிகள் தனி இணைப்பாகப் பின்னர் பேசி முடிப்பதற்கு விடப்பட்டன. கொள்வனவு ஒப்பந்தங்களின் முக்கிய நிபந்தனைகளை நாடுகள் வெளியிட வேண்டும் என்ற கருத்தும் உடன்படிக்கையில் இடம்பெற்றுள்ளது. ஆனால் அங்கே இடப்பட்டுள்ள சொல் 'வெளியிடும்' என்பதல்ல, 'வெளியிட முயலும்' என்பதே. "அனுப்பப் பார்க்கிறேன்" என்று சொல்லும் வழங்குனரிடம் முற்பணம் கொடுத்து ஏமாந்தவர்களுக்கு இந்தச் சொல்லின் பெறுமதி நன்கு தெரியும்.