எதிர்காலம் உரைப்போரும் விலை கொடுப்போரும்

ஆண்டின் இறுதி நெருங்கும்போது இரண்டு பொருள்கள் தவறாமல் நம் இல்லம் வந்து சேருகின்றன. ஒன்று, கடைக்காரர் அன்பளிப்பாகத் தரும் நாட்காட்டி. மற்றொன்று, வரும் ஆண்டில் எந்தக் கருவி எல்லார் கையிலும் இருக்கும் என்று அடித்துக் கூறும் செய்தித்தாள் கட்டுரை. நாட்காட்டி கூறும் கிழமை பொய்ப்பதில்லை. கட்டுரை கூறும் கருவியோ பல வேளைகளில் கடைத்தெருவை எட்டுமுன்னரே மறைந்துவிடுகிறது. எனினும் அடுத்த ஆண்டும் அதே ஆவலுடன் அக்கட்டுரையைப் படிக்கிறோம்.

அமெரிக்காவில் 1967-ஆம் ஆண்டு தொடங்கிய நுகர்வோர் மின்னணுப் பொருட்காட்சி, இப்போது ஆண்டுதோறும் சனவரித் திங்களில் லாஸ் வேகாஸ் நகரில் நடைபெறுகிறது. அங்கே மேடையேறும் தொலைக்காட்சிப் பெட்டி, கைப்பேசி, கைக்கடிகாரம் ஆகியவற்றைப் பற்றிய செய்திகள் சில மணி நேரத்தில் உலகமெங்கும் பரவுகின்றன. இவற்றை வெறும் பொழுதுபோக்கு என்று தள்ளிவிட இயலாது. புதுக் கைப்பேசியைத் தவணையில் இப்போதே வாங்குவதா, பொறுத்திருப்பதா? மகனை எந்தப் படிப்பில் சேர்ப்பது? எந்த ஆலையின் ஊதியத்தை நம்பி வீட்டுக் கடன் எடுப்பது? குடும்பத்தில் எழும் இத்தகைய கேள்விகளுக்கெல்லாம் இக்கணிப்புகள் நாம் அறியாமலே விடை சொல்லிக்கொடுக்கின்றன.

செங்கற்பட்டுப் பகுதியில் வாழும் குடும்பங்களுக்கு இதில் தனி அக்கறை உண்டு. பரனூரை அடுத்த மகிந்திரா உலக நகரத்தில் 2022-ஆம் ஆண்டு பெகட்ரான் நிறுவனத்தின் ஆலை திறக்கப்பட்டு, உலகச் சந்தைக்கான ஐபோன்கள் அங்கே உருவாகத் தொடங்கின. செங்கற்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகக் கிழக்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் சென்றால் மாமல்லபுரம். அதற்கு வடக்கே கோவளம், தெற்கே கொக்கிலமேடு, சதுரங்கப்பட்டினம் என மீனவர் வாழும் ஊர்கள். கருவியைச் செய்யும் கைகளும் அதனை வாங்கிப் பயன்படுத்தும் கைகளும் ஒரே மாவட்டத்தில் உள்ளன. ஆகவே கணிப்புகள் பலிப்பதையும் பொய்ப்பதையும் நம் வீட்டு வாசலில் நின்றே ஆராயலாம்.

பொய்த்த கணிப்புகள்

இந்தியாவில் 1995-ஆம் ஆண்டு பேஜர் என்னும் சிறு கருவி பெரும் விளம்பரத்துடன் வந்தது. இடுப்பில் அணிந்திருந்தால் குறுஞ்செய்தி வரும். பதில் பேச இயலாது. அதே ஆண்டு சூலை 31-ஆம் நாள் நாட்டின் முதல் செல்பேசி உரையாடலும் நடந்தது. அன்று செல்பேசியில் பேச நிமிடத்திற்கு 16 ரூபாய் வரை ஆயிற்று. அழைப்பை ஏற்பவரும் கட்டணம் செலுத்த வேண்டும். ஆகவே செல்பேசி செல்வருக்கு, பேஜர் மற்றவர்க்கு என்று அறிந்தோர் பலர் எண்ணினர். சில ஆண்டுகளில் பேஜர் இருந்த சுவடே இல்லாமற் போயிற்று.

2010-ஆம் ஆண்டில் முப்பரிமாணத் தொலைக்காட்சியே இனி வீடுதோறும் இருக்கும் என்று பெரிய நிறுவனங்கள் முழங்கின. வீட்டார் அனைவரும் தனிக் கண்ணாடி அணிந்து அமர்ந்தாலன்றி அதனைப் பார்க்க இயலாது. வீட்டில் தொலைக்காட்சி எவ்வாறு பார்க்கப்படுகிறது என்பதைச் சமையலறையிலிருந்து எட்டிப் பார்க்கும் எந்தத் தாயும் அவர்களுக்குச் சொல்லியிருப்பார். 2017-ஆம் ஆண்டுக்குள் எல்.ஜி., சோனி உள்ளிட்ட முன்னணி நிறுவனங்கள் அத்தயாரிப்பைக் கைவிட்டன.

துறையின் உச்சியில் இருப்போருக்கும் இந்தத் தடுமாற்றம் உண்டு. 2007-ஆம் ஆண்டு ஐபோன் அறிமுகமானபோது, மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் அந்நாளைய தலைவர் ஸ்டீவ் பால்மர், அது சந்தையில் குறிப்பிடத்தக்க பங்கைப் பெற வாய்ப்பே இல்லை என்று கருத்துரைத்தார். 2013-ஆம் ஆண்டு அவர் தலைமையிலேயே அந்நிறுவனம் நோக்கியாவின் கைப்பேசிப் பிரிவை வாங்க ஒப்பந்தம் செய்தது. 2015-இல் அந்த முதலீட்டுக் கணக்கில் 760 கோடி டாலரை இழப்பாக எழுதித் தள்ளியது. உரைத்தவர் வறுமையுறவில்லை. அந்தக் கணிப்புகளின் விலையைக் கொடுத்தோர் வேறு சிலர். அவர்களுள் நம் பகுதி மக்களும் இருந்தனர்.

திருப்பெரும்புதூரில் நிகழ்ந்தது

2003-ஆம் ஆண்டு வெளிவந்த நோக்கியா 1100 கைப்பேசியை வாசகர் பலர் மறந்திருக்க மாட்டார்கள். வழுக்காத பிடி, தூசி புகாத விசைப்பலகை, தலைப்பகுதியில் சிறு கைவிளக்கு. இவ்வளவே அதன் சிறப்பு. உலகெங்கும் 25 கோடிக்கு மேல் விற்ற அக்கருவியின் வெற்றிக்குக் காரணம், மின்சாரம் தடைப்படும் ஊரில், புழுதி படியும் சட்டைப்பையில் அது உழைத்ததே.

அத்தகைய எளிய கைப்பேசிகளின் பெருந்தேவையை நம்பி 2006-ஆம் ஆண்டு திருப்பெரும்புதூரில் நோக்கியாவின் ஆலை இயங்கத் தொடங்கியது. செங்கற்பட்டும் மாமல்லபுரமும் அப்போது அதே காஞ்சிபுரம் மாவட்டத்தைச் சேர்ந்தவை. உலகின் மிகப் பெரிய கைப்பேசி ஆலைகளுள் ஒன்றாக அது வளர்ந்தது. சுற்றுப்புறக் கிராமங்களிலிருந்து பல ஆயிரம் இளைஞரும் இளம்பெண்களும் அங்கே வேலைக்குச் சென்றனர். நிறுவனப் பேருந்து ஊருக்குள் வந்து மகளை அழைத்துச் சென்றது பல குடும்பங்களில் முதன்முறையாக நிகழ்ந்த செய்தி. அந்த ஊதியத்தை நம்பித் தம்பியின் கல்லூரிக் கட்டணமும் வீட்டுக்கூரையின் செலவும் திட்டமிடப்பட்டன.

ஆனால் உலகச் சந்தை தொடுதிரைக் கைப்பேசிக்கு மாறிவிட்டது. வருமான வரி வழக்கினால் ஆலையின் சொத்துகள் முடக்கப்பட்டன. அதனால் மைக்ரோசாப்ட் ஒப்பந்தத்தில் அந்த ஆலை சேரவில்லை. 2014-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் உற்பத்தி நின்றது. பணியாளர் பலர் அதற்கு முன்னரே விருப்ப ஓய்வுத் தொகை பெற்று வெளியேறியிருந்தனர். முப்பது வயதைக்கூட எட்டாதவருக்கு ஓய்வு என்னும் சொல் எத்தனை பொருந்தாதது என்பதை எண்ணிப் பாருங்கள்.

கார் ஆலையின் கதையும் அவ்வாறே. மறைமலைநகரில் 1990-களின் இறுதியிலிருந்து இயங்கிய போர்டு நிறுவனம், 2021-இல் இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்து, 2022-இல் அங்கே உற்பத்தியை முடித்துக்கொண்டது. ஒரு நிறுவனத்தின் பெயரைக் கற்பது வேறு, தொழிலைக் கற்பது வேறு என்பதை இவ்விரு நிகழ்ச்சிகளும் நமக்குக் கற்பித்தன. மின்சுற்றைச் சோதிக்கவும், எந்திரத்தைப் பழுது பார்க்கவும், தரம் அளக்கவும் தெரிந்தவர் வேறு ஆலைக்குச் செல்ல முடிந்தது. ஒரே பொருத்துமேசையில் ஒரே திருகை முடுக்கியவருக்கு அவ்வழி குறுகியது.

எதிர்பாராது வந்தவை

பெருமுழக்கத்துடன் வந்தவை மறைய, எவரும் பெரிதாக எண்ணாதவை நிலைபெற்றன. செல்பேசியை ஏழையின் கைக்குக் கொண்டுவந்ததில் புதுக் கருவியைக் காட்டிலும் கட்டண விதிக்கே பெரும்பங்கு உண்டு. 2003-ஆம் ஆண்டு முதல் அழைப்பை ஏற்பவர் கட்டணம் செலுத்த வேண்டியதில்லை என்றாயிற்று. அன்றிலிருந்து கையில் காசில்லாதவரும் செல்பேசியை வைத்துக்கொண்டு வேலைக்கான அழைப்பை எதிர்பார்த்திருக்க முடிந்தது.

மற்றொன்று, இன்று கோவளத்து மீன் கூடையருகிலும் மாமல்லபுரத்துச் சிற்பக் கடையிலும் காணும் கறுப்பு வெள்ளைக் கட்டம். கியூ.ஆர். குறியீடு எனப்படும் அதனை 1994-ஆம் ஆண்டு ஜப்பானின் டென்சோ நிறுவனத்தில் மசாகிரோ ஹாரா என்னும் பொறியாளரும் அவர் குழுவினரும் உருவாக்கினர். கார் உதிரிப் பாகங்களை ஆலைக்குள் கணக்கெடுக்கவே அது பிறந்தது. அதனை எவரும் பயன்படுத்தலாம் என்று அந்நிறுவனம் விட்டுவிட்டது. 2016-ஆம் ஆண்டு நம் நாட்டில் யு.பி.ஐ. என்னும் பணம் செலுத்தும் முறை வந்தது. அதே ஆண்டு நவம்பரில் உயர்மதிப்புப் பணத்தாள்கள் செல்லாதனவாயின. இணையக் கட்டணமும் குறைந்தது. அட்டை தேய்க்கும் எந்திரம் வாங்க வசதியற்றவர் ஒரு காகிதத்தை ஒட்டிவைத்து வணிகம் செய்யத் தொடங்கினர். வந்த தொகையைத் தமிழிலேயே உரைக்கும் சிறு ஒலிப்பெட்டி பின்னர் வந்தது. ஈரக் கையுடன் மீன் நறுக்குபவர் திரையைத் தொட்டுப் பார்க்க வேண்டிய தேவையை அது நீக்கியது. கார் ஆலைக்காக அமைந்த ஒன்று மீன் விற்கும் தாய்க்குப் பயன்படும் என்று 1994-இல் எந்தக் கணிப்பாளர் எழுதினார்?

கடலோரத்தின் தேர்வு

கருவியைத் தேர்ந்தெடுப்பதில் மீனவரைவிடக் கண்டிப்பானவர் இலர். பயன்படாத பொருளைப் படகில் ஏற்ற அவருக்கு இடமில்லை.

அமெரிக்கப் பொருளியல் ஆய்வாளர் ராபர்ட் ஜென்சன், 1997 முதல் 2001 வரை வடகேரளக் கடற்கரையில் செல்பேசியின் விளைவைக் கணக்கிட்டு 2007-இல் வெளியிட்டார். அதற்குமுன் ஒரு துறையில் மத்தி மீன் வாங்க ஆளின்றிக் கொட்டப்படும்; அருகிலுள்ள மற்றொரு துறையில் மீனே கிடைக்காது. கடலிலிருந்தே விலை கேட்க முடிந்ததும் அவ்வீண் விரயம் மறைந்தது. மீனவரின் இலாபம் ஏறத்தாழ 8 விழுக்காடு உயர்ந்தது. வாங்குவோர் கொடுக்கும் விலை 4 விழுக்காடு குறைந்தது. இருசாராரும் பயனுற்ற அரிய நிகழ்ச்சி இது.

நம் கிழக்குக் கரையில் ஐதராபாத்திலுள்ள இந்தியக் கடல்சார் தகவல் மையத்தின் செய்திகள் மீனவர்க்குக் கிடைக்கின்றன. செயற்கைக்கோள் கடல்மேற்பரப்பின் வெப்பத்தையும் நிறத்தையும் அளக்கிறது. நுண்ணுயிர்ப் பாசி செழித்த இடத்தில் மீன் கூடக்கூடும் என்பதால், இறங்குதுறையிலிருந்து எத்திசையில், எத்தொலைவில், எவ்வளவு ஆழத்தில் அவ்விடம் உள்ளதென்று மையம் அறிவிக்கிறது. வானை மேகம் மூடினால் அதனால் கூற இயலாது. இதே மையத்தில் 2004 டிசம்பர் 26-ஆம் நாள் பேரழிவிற்குப் பின், 2007-இல் ஆழிப்பேரலை எச்சரிக்கைப் பிரிவும் அமைந்தது. சென்னையிலுள்ள எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அலையின் உயரம், காற்றின் வேகம் முதலியவற்றைத் தாய்மொழியில் தரும் செயலியையும் உருவாக்கியது.

இங்கும் ஒரு முன்கணிப்பே நடைபெறுகிறது. ஆயினும் வேறுபாட்டைக் கவனியுங்கள். இந்த மையம் தனக்குத் தெரியாத நாளில் தெரியாதென்கிறது. மீனவர் மறுநாளே கடலில் சென்று அதன் சொல்லைச் சோதித்துவிடுகிறார். கடைப்பொருள்களைப் பற்றி முழங்குவோரிடம் இவ்விரு பண்புகளும் அரிது.

வரும் ஆண்டைப் பற்றி

அப்படியாயின் வரும் ஆண்டில் எதனை எதிர்பார்க்கலாம்? சென்ற காலத்தின் போக்கைக் கொண்டு மூன்றைக் கூறலாம்.

முதலாவது, கைப்பேசியின் வடிவம் பெரிதும் மாறாது. மாறுவது குரல்வழிப் பயன்பாடு. தமிழில் கேட்டுத் தமிழில் விடை தரும் செயற்கை நுண்ணறிவு மேலும் செம்மையுறும். இந்திய மொழிகளுக்காக மைய அரசு 2022-இல் தொடங்கிய பாஷிணித் திட்டமும் இத்திசையிலேயே செல்கிறது. எழுத்துக் கூட்டிப் படிக்க இயலாத முதியோருக்கு இது நல்ல துணையாகும். அதே நுட்பம் பேரனின் குரலைப் போலவே பேசிப் பணம் கேட்கும் வஞ்சகருக்கும் பயன்படும். அவ்வாறு அழைப்பு வந்தால் பதறாமல், இணைப்பைத் துண்டித்து, நாம் அறிந்த எண்ணில் திரும்ப அழைத்துக் கேட்க வேண்டும். பணம் பறிபோயிருந்தால் 1930 என்னும் எண்ணில் உடனே முறையிடலாம்.

இரண்டாவது, விலை கொடுத்து வாங்கிய பின்னரும் மாதந்தோறும் கட்டணம் கேட்கும் பொருள்கள் பெருகும். மூன்றாவது, பழுதடையாத கருவியும் நிறுவனத்தின் ஆதரவு நின்றதால் பயனற்றுப் போவது மிகும். 2025 அக்டோபர் 14-ஆம் நாள் விண்டோஸ் 10 கணிப்பொறிகளுக்கு வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றதை வீடுகளும் பள்ளிகளும் உணர்ந்தன. இன்னும் கடுமையான எடுத்துக்காட்டு உண்டு. 2024 ஏப்பிரலில் ஹியூமேன் என்னும் அமெரிக்க நிறுவனம், கைப்பேசியின் இடத்தைப் பிடிக்கும் என்று கூறிச் சட்டையில் குத்தும் கருவியொன்றை 699 டாலருக்கு விற்றது. மாதக் கட்டணம் 24 டாலர். 2025 பிப்ரவரி 28-ஆம் நாள் அதன் சேவை நிறுத்தப்பட்டது. கருவி வாங்கியோர் கையில் ஓர் அணிகலன் எஞ்சியது.

ஆகவே அன்புக் குடும்பத்தாரே, விழாக்காலத் தள்ளுபடி விளம்பரம் அழைக்கும்போது மூன்று கேள்விகளைக் கேளுங்கள். வாங்கிய பின் மாதந்தோறும் என்ன செலவாகும்? பழுதானால் நம் ஊரில் எவர் சரி செய்வார்? விற்ற நிறுவனம் நாளை இல்லையெனில் இப்பொருள் இயங்குமா? மூன்றுக்கும் தெளிவான விடை கிட்டாவிடில் ஓராண்டு பொறுத்திருப்பதால் குடும்பத்திற்கு இழப்பில்லை.

பிள்ளைகளின் படிப்பைப் பற்றியும் இதே கேள்விகளைச் சற்றே மாற்றிக் கேட்கலாம். இந்த ஆலை மூடினாலும் இவன் கற்றது பயன்படுமா? மகிந்திரா உலக நகரத்தின் பேருந்துகள் இன்று செங்கற்பட்டுச் சாலைகளில் நம் பிள்ளைகளை ஏற்றிச் செல்வது மகிழ்ச்சிக்குரியது. அந்த ஆலையின் பெரும்பங்கும் 2025-இல் டாட்டா குழுமத்தின் கைக்கு மாறிவிட்டது. உரிமையாளர் மாறலாம், கருவி மாறலாம். ஆலைக்குள் இருக்கும் ஆண்டுகளில் நம் மகள் அடுத்த தொழிலையும் கற்றுக்கொள்ளட்டும். அதற்கு மாலையில் ஒரு மணி நேரத்தை வீட்டார் அவளுக்கு விட்டுக்கொடுக்கட்டும். வரும் ஆண்டிற்காக ஒரு குடும்பம் செய்யக்கூடிய ஏற்பாடுகளுள் இதற்குத் தவணை இல்லை, வட்டியும் இல்லை.