கீழடியும் சுற்றூர்களும்: வாழிடம், ஈமக்காடு, ஊர்த்தொகுதி

சிவகங்கை மாவட்டம் திருப்புவனம் வட்டத்தில், மதுரைக்குத் தென்கிழக்கே ஏறத்தாழ 12 கி.மீ. தொலைவில் அமைந்த சிற்றூர் கீழடி. வைகைக் கரைகளில் இந்தியத் தொல்லியல் துறை நிகழ்த்திய கள ஆய்வில் அடையாளங் காணப்பட்ட 293 இடங்களுள் ஒன்றாகவே இவ்வூர் முதலில் பதிவாயிற்று. 2015-இல் அத்துறை தொடங்கிய அகழாய்வைத் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 2018 முதல் நடத்தி வருகிறது. தென்னந்தோப்புகளுக்கு நடுவேயுள்ள பள்ளிச்சந்தைத் திடலில் செங்கற் கட்டுமானங்களும் உறைகிணறுகளும் தமிழி எழுத்துப் பொறித்த பானையோடுகளும் வெளிப்பட்டன. (பள்ளிச்சந்தம் என்பது சமண, பௌத்தப் பள்ளிகளுக்கு விடப்பட்ட நிலக்கொடையைக் குறிக்கும் கல்வெட்டுச் சொல், திடலின் பெயர் அதனை நினைவூட்டுகிறது.)

எனினும், கீழடியைத் தனியூராகக் கொண்டு முடிவு கூறும் போக்கு ஏற்புடையதன்று. வாழிடத்தின் செங்கலும் பானையும் அங்கு வாழ்ந்தோரின் உடலைப் பற்றி ஏதும் கூறா. அதனைக் கூறவல்லது அண்டையிலுள்ள கொந்தகை. 2020-இல் ஆறாம் கட்ட அகழாய்வு கொந்தகை, அகரம், மணலூர் ஆகிய ஊர்களுக்கும் விரிவாக்கப்பட்டபோது, கொந்தகையில் முதுமக்கள் தாழிகளும் அவற்றுள் மனித எலும்புகளும் படையற்கலங்களும் கிடைத்தன. பின்னர் ஒரு தாழியினுள் சூதுபவள மணிகளும் காணப்பட்டன. இறந்தோர்க்கு மணிகளைப் படைத்தோர் யாவர், அவர்கள் கீழடியில் வாழ்ந்தோர்தாமா என்னும் வினாவிற்கு எலும்புகளின் மரபணு ஆய்வே துணைபுரியும்.

மணலூரில் சுடுமண்ணாலான உலை போன்ற அமைப்பு வெளிப்பட்டது. அகரத்தில் பல உறைகளைக் கொண்ட கிணறு ஒருபுறம். 17-ஆம் நூற்றாண்டினதாகக் கருதப்படும் வீரராயன் பணம் என்னும் சிறு பொற்காசு மறுபுறம். இக்காசு ஓர் எச்சரிக்கையும் ஆகும். கீழடியின் கரிம மாதிரி ஒன்று கி.மு. 6-ஆம் நூற்றாண்டினது என 2019-இல் வெளியான அறிக்கை கூறுகிறது. அக்காலக் கணிப்பை நான்கு ஊர்களின் எல்லா மண்ணடுக்குகளுக்கும் பொருத்துதல் முறையன்று. அகரம் என்ற பெயரே அந்தணர் குடியிருப்பைச் சுட்டும் இடைக்காலச் சொல். ஒவ்வோர் ஊரின் அடுக்குகளையும் தனித்தனியே காலங்கணித்த பின்னரே, வாழிடமும் ஈமக்காடும் உலையும் ஒரே காலத்தில் இயங்கினவா என்பதைத் தீர்மானிக்க இயலும்.

இவற்றைத் தேடவேண்டிய நிலத்திற் பெரும்பகுதி இன்றும் தனியார் தோப்பும் வயலுமே. அகழ்ந்த குழிகள் பல ஆவணப்படுத்தப்பட்டபின் மூடப்பட்டன. 2023-இல் திறக்கப்பட்ட அருங்காட்சியகம் கீழடியின் பெயரைத் தாங்கி நிற்க, கொந்தகையின் தாழிகள் அப்பெயரின் கீழேயே அறியப்படுகின்றன.