மன அழுத்த மாத்திரையை நிறுத்தியும் தீராத தாம்பத்திய குறை: வைட்டமின் டி போட்டால் சரியாகுமா?

ஸ்ரீபெரும்புதூர்:

மன அழுத்தத்துக்கு சாப்பிட்ட மாத்திரையை நிறுத்தி பல மாதம் ஆகியும் தாம்பத்திய வாழ்க்கை பழைய நிலைக்கு திரும்பாமல் தவிப்பவர்கள் உலகம் முழுவதும் இருக்கிறார்கள். வெளியே சொல்ல வெட்கம். டாக்டரிடம் கேட்க தயக்கம். கடைசியில் யாரோ ஒருவர், "உனக்கு வைட்டமின் டி குறைச்சலா இருக்கும், அதை போட்டா சரியாகிடும்" என்று சொல்ல, மெடிக்கல் ஷாப்புக்கு ஓடுகிறார்கள்.

இருங்காட்டுக்கோட்டை, சுங்குவார்சத்திரம், வல்லம், ஒரகடம் என்று இரவு பகலாக ஷிப்ட் ஓடும் நம்ம பகுதிக்கு இது ரொம்பவே பொருந்தும் விஷயம். வெயில் படாத வேலை ஒரு பக்கம். தூக்கம் கெட்டு மனசு சோர்ந்து போவது இன்னொரு பக்கம்.

வைட்டமின் டி போட்டால் இந்த குறை தீருமா? இதுவரை அப்படி எந்த ஆய்விலும் நிரூபிக்கப்படவில்லை. அது பற்றிய விவரம் வருமாறு:-

என்ன மாத்திரை?

மன அழுத்தம், பதற்றம், காரணமில்லாத பயம் ஆகியவற்றுக்கு டாக்டர்கள் அதிகம் எழுதித் தருவது 'எஸ்.எஸ்.ஆர்.ஐ.' என்ற வகை மாத்திரைகள். எஸ்சிடாலோபிராம், செர்ட்ராலின், புளூக்சிடின், பராக்சிடின் எல்லாம் இந்த வகைதான். மூளையில் 'செரோடோனின்' என்ற ரசாயனத்தின் செயல்பாட்டை இவை கூட்டுகின்றன. லட்சக்கணக்கானவர்களுக்கு வாழ்க்கையை திருப்பி கொடுத்த மாத்திரைகள் இவை. அதில் சந்தேகம் வேண்டாம்.

ஆனால் இவற்றை சாப்பிடும்போது ஆசை குறைவது, விறைப்பு வராமல் போவது, உச்சக்கட்டம் தாமதமாவது போன்ற தொல்லைகள் பலருக்கு வரும். இது டாக்டர்களுக்கு நன்றாக தெரிந்த விஷயம். மாத்திரையை குறைத்தாலோ, மாற்றினாலோ, நிறுத்தினாலோ பெரும்பாலானவர்களுக்கு இது சரியாகி விடும்.

நிறுத்திய பிறகும் தொடரும் குறை

சிலருக்கு மட்டும் மாத்திரையை விட்ட பிறகும் இந்த குறை போவதில்லை. பிறப்புறுப்பில் மரத்துப் போன உணர்வு, ஆசையே இல்லாமல் போவது, உச்சக்கட்டத்தில் சுகம் தெரியாதது, சந்தோஷமோ துக்கமோ எதுவும் மனசில் ஒட்டாமல் இருப்பது ஆகியவை இதன் அறிகுறிகள். இதற்கு 'பி.எஸ்.எஸ்.டி.' என்று பெயர். 2006-ம் ஆண்டு முதல் மருத்துவ பத்திரிகைகளில் இது பற்றி எழுதப்பட்டு வருகிறது. மாத்திரையை நிறுத்தி 3 மாதம் ஆகியும் குறை தொடர்ந்தால் இதுவாக இருக்கலாம் என்று 2022-ல் ஒரு டாக்டர் குழு வரையறை வெளியிட்டது.

"எல்லாம் உன் மனப்பிரமை" என்று முன்பு தட்டிக் கழித்தார்கள். இப்போது அப்படி சொல்ல முடியாது. 2019-ல் ஐரோப்பிய மருந்து நிறுவனம், இந்த மாத்திரைகளின் விவரக் குறிப்பில் 'நிறுத்திய பிறகும் பாலியல் குறை தொடரலாம்' என்ற எச்சரிக்கையை சேர்க்க சொன்னது. 2021-ல் கனடா சுகாதாரத்துறையும், 2024-ல் ஆஸ்திரேலியாவும் இதே வழியில் நடவடிக்கை எடுத்தன.

எத்தனை பேருக்கு வரும்? இஸ்ரேலில் 12 ஆயிரத்து 302 ஆண்களின் மருந்து சீட்டு விவரங்களை வைத்து 2023-ல் ஒரு மதிப்பீடு வெளியானது. 216 பேரில் ஒருவருக்கு விறைப்பு குறை நீடித்ததாக அதில் சொல்லப்பட்டது. நேரில் ஒவ்வொருவரையும் பரிசோதித்து எடுத்த கணக்கு அல்ல அது. ஆனாலும் இந்த குறை அபூர்வம், அதே சமயம் உண்மை என்பது இதில் புரிகிறது.

இது ஆண்களுக்கு மட்டும் வருவது இல்லை. பெண்களுக்கும் வரும். வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்ட விடுதி மட்டுமே 18 ஆயிரத்து 720 பெண் தொழிலாளர்கள் தங்குவதற்கானது. இத்தனை பெண்கள் வேலை பார்க்கும் பகுதியில், இந்த மாதிரி குறையை ஒரு பெண் வாய் திறந்து சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

வெயில் ஊரில் வைட்டமின் டி குறையுமா?

வெயில் நம் தோலில் பட்டால் உடம்பே வைட்டமின் டி தயாரித்துக் கொள்ளும். அப்படியானால் வெயில் கொளுத்தும் நம் ஊரில் இது ஏன் குறைகிறது?

வெயில் இருந்தால் மட்டும் போதாது. அது தோலில் பட வேண்டும். ஷெட்டுக்குள் 8 மணி நேரம், ஓ.டி. பார்த்தால் 12 மணி நேரம். நைட் ஷிப்ட் முடிந்தால் பகல் முழுக்க ரூமில் தூக்கம். கம்பெனி பஸ்சில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து வந்தாலும் பிரயோஜனம் இல்லை. வைட்டமின் டி தயாரிக்க உதவும் கதிரை கண்ணாடி தடுத்து விடும்.

கனடா ஆய்வாளர்கள் பல நாட்டு ஆய்வுகளை தொகுத்து 2017-ல் வெளியிட்ட கணக்கில், கூரைக்குள் வேலை பார்ப்பவர்களில் 78 சதவீதம் பேருக்கு வைட்டமின் டி குறைவாக இருந்தது. வெளியில் வேலை பார்ப்பவர்களில் அது 48 சதவீதம். ஷிப்ட் தொழிலாளர்களுக்கும் குறைவு அதிகம் என்று அந்த ஆய்வு சொன்னது.

காலை இளம் வெயில்தான் நல்லது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். நமக்கு பக்கத்தில் உள்ள திருப்பதியில் நடந்த ஆய்வில் வேறு முடிவு வந்தது. அங்கே காலை 11 மணி முதல் பகல் 2 மணி வரை அடிக்கும் வெயிலில்தான் வைட்டமின் டி அதிகம் உற்பத்தியாகிறது என்று 2013-ல் வெளியான அந்த ஆய்வு கூறியது. சாப்பாட்டு இடைவேளையில் முகம், கையில் வெயில் படும்படி 15 அல்லது 20 நிமிடம் நடந்தால் நல்லது. அக்னி நட்சத்திர நேரத்தில் மட்டும் கவனம் தேவை.

மத்தி போன்ற மீன்கள், முட்டை மஞ்சள் கரு ஆகியவற்றிலும், வைட்டமின் டி சேர்த்ததாக பாக்கெட்டில் அச்சிட்ட பால், எண்ணெயிலும் இந்த சத்து கிடைக்கும்.

மாத்திரை போட்டால் குறை தீருமா?

இந்த பேச்சு எங்கிருந்து வந்தது? செரோடோனின் உற்பத்தியில் வைட்டமின் டிக்கு பங்கு உண்டு என்று 2014-ல் அமெரிக்க விஞ்ஞானிகள் இருவர் ஒரு கருத்தை சொன்னார்கள். ஆண் ஹார்மோனை வைட்டமின் டி கூட்டுகிறது என்று 2011-ல் ஆஸ்திரியா நாட்டில் ஒரு ஆய்வு வெளியானது. இரண்டையும் முடிச்சு போட்டு, 'அப்போ இதுதான் மருந்து' என்ற முடிவுக்கு சிலர் வந்து விட்டார்கள்.

ஆனால் ஆஸ்திரியாவிலேயே 2017-ல் வெளியான இன்னொரு ஆய்வில், ஹார்மோன் சரியாக உள்ள ஆண்களுக்கு வைட்டமின் டி கொடுத்தும் அது கூடவில்லை. அமெரிக்காவில் 50 வயதை தாண்டிய 18 ஆயிரத்து 353 பேரிடம் ஆண்டுக்கணக்கில் நடந்த பெரிய ஆய்வின் முடிவு 2020-ல் வந்தது. தினமும் வைட்டமின் டி சாப்பிட்டும் மன அழுத்தம் வருவதை அது தடுக்கவில்லை.

வைட்டமின் டி குறைந்தால் எலும்பு வலி, தசை பலவீனம், அசதி வரும். அதற்கு மாத்திரை கட்டாயம் உதவும். உடம்பு தெம்பானால் மனசும் கொஞ்சம் தெளியலாம். ஆனால் மாத்திரையை நிறுத்திய பிறகும் தொடரும் பாலியல் குறைக்கு இதுதான் மருந்து என்று சொல்ல ஆதாரம் இல்லை. அந்த குறைக்கு நிரூபிக்கப்பட்ட மருந்து எதுவும் இன்னும் வரவில்லை. சிலருக்கு நாளாக நாளாக குறைகிறது. சிலருக்கு நீடிக்கிறது.

60 ஆயிரம் யூனிட் ஜாக்கிரதை

ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு தேவையான வைட்டமின் டி 600 யூனிட்தான். மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் பவுடர் பாக்கெட் ஒன்றில் இருப்பது 60 ஆயிரம் யூனிட்! ரத்த பரிசோதனையில் குறைவு தெரிந்தால், வாரத்துக்கு ஒன்று என சில வாரங்களுக்கு மட்டும் டாக்டர்கள் இதை எழுதித் தருவார்கள். "சத்து மாத்திரைதானே" என்று தினமும் சாப்பிட்டால் ரத்தத்தில் கால்சியம் ஏறி வாந்தி, தீராத தாகம், மலச்சிக்கல், சிறுநீரக கல் வரை கொண்டு போய் விடும்.

திடீரென நிறுத்தாதீங்க

இதை படித்து விட்டு, சாப்பிட்டு வரும் மன அழுத்த மாத்திரையை யாரும் இன்றே தூக்கி போட்டு விடக் கூடாது. திடீரென நிறுத்தினால் தலைசுற்றல், தூக்கமின்மை, எரிச்சல், தலைக்குள் கரண்ட் அடித்தது போன்ற உணர்வு வரும். பழைய நோய் திரும்பி தற்கொலை எண்ணம் வரை போகும் ஆபத்தும் உண்டு. டாக்டர் சொல்படி கொஞ்சம் கொஞ்சமாக குறைப்பதுதான் வழி. பூப்ரோபியான், மிர்டாசபின் போல இந்த தொல்லை குறைவாக உள்ள மாத்திரைகளும் இருக்கின்றன. மாற்றலாமா என்று டாக்டரிடம் தைரியமாக கேளுங்கள்.

சர்க்கரை, ரத்த கொதிப்பு, தைராய்டு, குடி, சிகரெட் எல்லாமே தாம்பத்தியத்தை கெடுக்கும். மன அழுத்தமே கூட ஆசையை குறைக்கும். அதனால் மாத்திரை மேல் பழி போடும் முன்பு இவற்றையும் பரிசோதித்து பார்ப்பது அவசியம்.

சுவரொட்டியை நம்பி லாட்ஜ் டாக்டரிடம் போய், லேகியத்துக்கு சம்பளத்தை கொட்டி ஏமாற வேண்டாம். ஆண்மையை கூட்டுவதாக மருந்துக்கு விளம்பரம் செய்வது 1954-ம் ஆண்டு சட்டப்படி குற்றம்.

எங்கே கேட்பது?

மத்திய அரசின் 'டெலி மானஸ்' மனநல உதவி எண் 14416. 24 மணி நேரமும் தமிழிலேயே பேசலாம். கட்டணம் கிடையாது. இ.எஸ்.ஐ. அட்டை உள்ளவர்கள் தங்கள் மருந்தகத்தில் சொல்லி மனநல டாக்டரிடம் அனுப்பி வைக்க கேட்கலாம். சென்னை கீழ்ப்பாக்கம் அரசு மனநல காப்பகத்தில் வெளிநோயாளிகளாகவும் சிகிச்சை பெறலாம்.

மருந்தின் பக்க விளைவை நோயாளியே நேரடியாக அரசுக்கு புகார் செய்ய 1800-180-3024 என்ற இலவச எண் இருக்கிறது. இந்த குறை உங்களுக்கு இருந்தால் பதிவு செய்யுங்கள். நீங்கள் சொன்னால்தான் நம் நாட்டில் இப்படி எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று கணக்கில் வரும்.

"கம்பெனிக்கு தெரிஞ்சா வேலை போயிடுமோ" என்ற பயம் பலருக்கு உண்டு. 2017-ம் ஆண்டு மனநல பராமரிப்பு சட்டப்படி, உங்கள் சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைத்திருப்பது டாக்டரின் கடமை. அதனால் மாத்திரையின் பெயர், எப்போது ஆரம்பித்தது, எப்போது நிறுத்தியது, குறை எப்போது தொடங்கியது என்ற நான்கையும் ஒரு துண்டு சீட்டில் எழுதி எடுத்துக் கொண்டு போங்கள். வாயால் சொல்ல கூச்சமாக இருந்தால் அந்த சீட்டை டாக்டரிடம் நீட்டினாலே போதும்.