மருதாணி போகும், பச்சை போகாது

ஒரே அரைப்புதான், உள்ளங்கையில் மருதாணி செக்கச்செவேலென்று பிடிக்கிறது, புறங்கையில் வெளிறி நிற்கிறது. எப்படிப் பிடித்தாலும் இரண்டு மூன்று வாரத்தில் போய்விடுகிறது. பாட்டி கையில் குத்திக்கொண்ட பச்சையோ ஆயுசுக்கும் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் விடை மேல்தோலின் அமைப்பில் இருக்கிறது.

மேல்தோல் கண்ணிமையில் ஏறத்தாழ 0.05 மில்லிமீட்டர்தான், உள்ளங்கை, உள்ளங்காலில் 1.5 மில்லிமீட்டர் வரை தடிக்கும். அதில் ரத்தக்குழாய் ஒன்றுகூடக் கிடையாது. மேலாகச் சிராய்த்தால் ரத்தம் வராதது அதனால்தான்.

அதன் அடியடுக்கில் செல்கள் ஓயாமல் பிரிந்து பெருகுகின்றன. புதியவை பிறக்கப் பிறக்க முன்பு பிறந்தவை மேலே தள்ளப்படுகின்றன. போகிற வழியில் கெரட்டின் என்ற நார்ப்புரதம் செல்லுக்குள் நிறைகிறது. நகத்திலும் முடியிலும் இருப்பது இதே வகைதான். இன்னும் மேலே போனதும் செல் தன்னிடமுள்ள கொழுப்பை வெளியே தள்ளுகிறது, உட்கரு அழிகிறது, செல் சாகிறது. உச்சியில் மிஞ்சுபவை தட்டையான செத்த செதில்கள். பெரும்பாலான இடங்களில் பதினைந்து இருபது வரிசை. செங்கல்லுக்கு நடுவே சாந்துபோல இடையிடையே அந்தக் கொழுப்பு. உடம்பின் ஈரம் ஆவியாகிப் போகாமல் காப்பது இந்தச் செத்த அடுக்குதான். பீர்க்கங்கூடும் சோப்புமாகத் தோலைப் பரபரவென்று தேய்ப்பவர்கள் அழுக்கோடு இந்தக் கொழுப்பையும் சேர்த்துக் கழுவிவிடுகிறார்கள். பிறகு தோல் வறண்டு அரிக்கிறதே என்பார்கள்.

அடியில் பிறந்த செல் மேலே வந்து செதிலாகி உதிர ஏறக்குறைய நான்கு வாரம் ஆகிறது. மருதாணியின் சாயம் மேலே உள்ள செதில்களின் கெரட்டினோடு ஒட்டிக்கொள்கிறது. உள்ளங்கையில் செதில் அடுக்கு தடிப்பு; சாயமும் அதிகம் பிடிக்கிறது. செதில் உதிர உதிர நிறமும் போகிறது. பச்சை குத்தும் ஊசியோ மேல்தோலைத் தாண்டி உள்தோலில் மையை இறக்குகிறது. அங்கே இந்த உதிர்தல் கிடையாது. அங்குள்ள செல்கள் மையை விழுங்கி வைத்துக்கொள்கின்றன.

நிறம் தரும் மெலனினைச் செய்யும் செல்களும் மேல்தோலின் அடியடுக்கில்தான் இருக்கின்றன. கறுப்பரோ வெள்ளையரோ, இவற்றின் எண்ணிக்கை எல்லோருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். எவ்வளவு மெலனின் செய்கின்றன, எந்த வகை என்பதில்தான் வித்தியாசம். அந்த மெலனின் பக்கத்துச் செல்களுக்குப் போய், உட்கருவின் மேற்புறமாக நின்று புற ஊதாக் கதிரைத் தடுக்கிறது. சிவப்பழகு கிரீம் விளம்பரங்கள் கறையாகக் காட்டுவது இந்தக் காவலைத்தான். வெண்புள்ளி வந்தவர்களுக்கு அந்த இடத்தில் மெலனின் செல்கள் அழிந்துவிடுகின்றன, அவ்வளவுதான். அது தொற்றுநோயல்ல, தொட்டால் ஒட்டாது.