சுமையைப் பார்த்து விசிறி மாட்டுவோம்

அவுட்போர்டு மோட்டார் வாங்கப் போகிறவர் எத்தனை குதிரைசக்தி என்று கேட்கிறார். எந்தக் கம்பெனி, டூ ஸ்ட்ரோக்கா, ஃபோர் ஸ்ட்ரோக்கா, பெட்ரோலா, மண்ணெண்ணெயா என்றும் கேட்கிறார். மோட்டாரின் அடியில் தண்ணீரைத் தள்ளப்போகும் விசிறியின் அளவைக் கேட்பவர்கள் குறைவு. மோட்டாரோடு வந்த புரொப்பல்லர் எதுவோ அதையே மாட்டிக்கொண்டு, அது உடையும்வரை தொழிலுக்குப் போய்வருவதே பொதுவான வழக்கம். ஆனால் ஒரே 9.9 குதிரைசக்தி மோட்டார் இரண்டு பேர் மட்டும் ஏறும் இலேசான உல்லாசப் படகிலும் மாட்டப்படுகிறது. நான்கைந்து ஆட்களும் வலையும் ஐஸ் பெட்டியும் ஏறிய பைபர் படகிலும் மாட்டப்படுகிறது. இந்த இரண்டு படகுகளுக்கும் ஒரே விசிறி பொருந்தாது. மீன்பிடிப் படகுக்கு விசிறியைத் தேர்வு செய்ய வேண்டியது அது சுமக்கும் பாரத்தைப் பார்த்துத்தான். மோட்டாரின் பெயரோ, படகு காலியாக ஓடும் வேகமோ அதற்கு அளவுகோல் ஆகாது. பாரத்தைப் பார்த்துத் தேர்ந்தால், பெரும்பாலும் இப்போது இருப்பதைவிடப் பிட்ச் குறைந்த விசிறியே சரியாக வரும்.

விசிறியின் மேல் 9¼ × 9 என்பதுபோல இரண்டு எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும். முதல் எண் விட்டம், இரண்டாவது பிட்ச், இரண்டும் அங்குலத்தில். சற்றும் நழுவாமல் ஒரு முழுச் சுற்று சுற்றினால் விசிறி எவ்வளவு தூரம் முன்னே போகுமோ அதுதான் பிட்ச். இறக்கைகள் எவ்வளவு சாய்ந்திருக்கின்றனவோ அவ்வளவுக்குப் பிட்ச் கூடும். விட்டத்தைப் பொறுத்தவரை படகுக்காரர் கையில் அதிகம் இல்லை. கொஞ்சம் தண்ணீரை வேகமாகத் தள்ளுவதைவிட நிறையத் தண்ணீரை மெதுவாகத் தள்ளுவதில்தான் சக்தி வீணாவது குறைவு. ஆகவே பாரப் படகுக்குப் பெரிய விசிறி மெதுவாகச் சுழல்வதே மேல். ஆனால் மோட்டாரின் அடிப்பகுதியில் உள்ள இடம் ஓரளவுக்கு மேல் பெரிய விசிறியை ஏற்காது. பாரப் படகுக்கென்றே யமஹா தயாரித்த டி9.9 மாடலில் கியர் விகிதம் 2.92, அதனால் ஏறத்தாழ 12 அங்குல விசிறியை அது மெதுவாகச் சுழற்றுகிறது. சாதாரண 9.9-இல் இந்த விகிதம் 2.08. அதை வைத்திருப்பவர் மாற்றிப் பார்க்கக்கூடியது பிட்ச் ஒன்றுதான்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். எஞ்சின் நிமிடத்துக்கு 5000 சுற்று சுற்றினால், 2.08 கியர் வழியாக விசிறிக்கு வருவது சுமார் 2400 சுற்று. 9 அங்குலப் பிட்ச் என்றால், நழுவலே இல்லாத கடலில் படகு மணிக்கு 33 கிலோமீட்டர் போக வேண்டும். பாரம் ஏற்றிய பைபர் படகு இந்தச் சின்ன மோட்டாரில் அந்த வேகத்தை நெருங்கவே நெருங்காது. 18 கிலோமீட்டர் போகிறது என்று வைத்துக்கொண்டால், விசிறி தள்ள நினைத்ததில் 45 சதவீதம் நழுவலில் போய்விடுகிறது. அதைவிட மோசம், அவ்வளவு சாய்வான இறக்கையைப் பாரத்தோடு சுழற்ற முடியாமல் எஞ்சின் 5000-ஐ எட்டவே எட்டாது. 4000-லேயே திணறி நிற்கும். பாரம் ஏற்றிய லாரி டாப் கியரில் மலையேறும்போது திணறுவதும் இப்படித்தான். 4000 சுற்றில் கிடைக்கும் சக்தி ஏறத்தாழ 8 குதிரை. காசு கொடுத்து வாங்கிய மீதி இரண்டு குதிரையும் கரைக்கு வெளியே வருவதே இல்லை.

இழப்பு வேகத்தோடு நிற்பதில்லை. கைப்பிடியை முழுதாக முறுக்கியும் சுற்று ஏறாத எஞ்சினுக்குள் எரிபொருள் போய்க்கொண்டுதான் இருக்கும். அது சரியாக எரியாமல் கரி படியும், எஞ்சின் சூடேறும், பிஸ்டன் தேய்மானமும் கூடும். மெக்கானிக்கிடம் போனால் எஞ்சினைப் பிரிப்பார், சுத்தம் செய்து மாட்டிக் கொடுப்பார். நோய் விசிறியில் இருந்தால் அது சீக்கிரமே திரும்பி வரும். மண்ணெண்ணெயில் ஓடும் எஞ்சினுக்குப் பெட்ரோலில் கிடைக்கும் முழுச் சக்தியும் கிடைப்பதில்லை என்பதால், அங்கே இந்தத் திணறல் இன்னும் சீக்கிரம் தொடங்குகிறது.

பிட்சைக் குறைத்தால் வேகம் குறையாதா என்பது நியாயமான கேள்வி. படகு காலியாக இருக்கும்போது குறையத்தான் செய்யும். ஆனால் 7 அங்குலப் பிட்ச் விசிறியை மாட்டி எஞ்சின் 5300 சுற்றுக்கு ஏறினால், அதன் வேக உச்சவரம்பு மணிக்கு 27 கிலோமீட்டர். 18-இல் ஓடும் படகுக்கு அந்த வரம்பு தடையே இல்லை. எஞ்சின் தன் முழுச் சக்தியையும் கொடுப்பதால், பாரத்தோடு அந்தப் படகு முன்பைவிட வேகமாகப் போகவே வாய்ப்பு அதிகம். சுற்று கூடினால் எண்ணெய்ச் செலவும் கூடுமே என்பார்கள். ஒரு மணி நேரக் கணக்கில் கொஞ்சம் கூடலாம். பார்க்க வேண்டியது பாடு முடிந்து கரை சேரும்வரை ஆகும் செலவை. போதிய உந்துதல் கிடைத்துவிட்டால் கைப்பிடியைத் தளர்த்தி ஓட்டவும் முடியும். அந்தத் தளர்த்தலில்தான் பெரிய மிச்சம் இருக்கிறது: சுற்றை 20 சதவீதம் குறைத்தால் விசிறி கேட்கும் சக்தி ஏறத்தாழப் பாதியாகிவிடும். அப்படியானால் எந்த விசிறியை மாட்டினாலும் மெதுவாக ஓட்டினால் போதாதா என்றும் கேட்கலாம். அமைதியான கடலில் எப்போதும் அரை வேகத்தில் போகிறவருக்கு அது ஓரளவு சரிதான். எதிர்க்காற்றில் பாடு நிறைந்து திரும்பும்போதும், கரையோரத்தில் உடையும் அலையைத் தாண்டும்போதும் எஞ்சின் உடனே சுற்று ஏற வேண்டும். அங்கே அது திணறினால் படகு அலைக்குக் குறுக்கே திரும்பிவிடும். அது உயிர்போகும் காரியம்.

சரியான பிட்சைக் கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு தேவையில்லை. ஸ்பார்க் பிளக் ஒயரில் சுற்றி மாட்டும் சிறிய டேக்கோமீட்டர் சுற்றைக் காட்டும், ஜி.பி.எஸ். கருவியோ கைப்பேசியோ வேகத்தைச் சொல்லும். அடியில் பாசியும் சிப்பியும் ஒட்டாத படகில், வழக்கமான ஆட்கள், வலை, ஐஸ் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு முழுக் கைப்பிடியில் ஓட்டிப் பார்க்க வேண்டும். எஞ்சினின் கையேட்டில் 4500 முதல் 5500 வரை என்று போட்டிருந்தால், பாரத்தோடு 5000-க்கு மேல் வருவது நல்லது. 4500-க்குக் கீழே நின்றால் பிட்ச் அதிகம். ஓர் அங்குலம் குறைத்தால் சுமார் 200 சுற்று கூடும் என்பது பொதுவான கணக்கு. படகுக்குப் படகு அது மாறும் என்பதால் மாட்டிப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். 5500-ஐத் தாண்டினால் குறைத்தது அதிகமாகிவிட்டது என்று பொருள். காலிப் படகில் மட்டும் தாண்டுகிறது என்றால், கைப்பிடியைத் தளர்த்தி ஓட்டினால் போதும்.

பிட்சை மாற்றும் முன் மோட்டாரின் உயரத்தையும் பார்த்துவிட வேண்டும். விசிறிக்கு மேலே உள்ள தட்டு ஏறத்தாழப் படகின் அடிமட்டத்துக்கு நேராக இருக்க வேண்டும்; மேலே தூக்கி நின்றால் விசிறி காற்றை இழுத்து வீணாகச் சுற்றும். நான்கு இறக்கை விசிறி அலையில் நன்றாகப் பிடிக்கும், ஆனால் சுற்றைக் கொஞ்சம் குறைக்கும். அதனால் ஓர் அங்குலம் குறைந்த பிட்சில் வாங்குவது நலம். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் விசிறி உழைக்கும்தான். ஆனால் பாரிலோ மணலிலோ இடித்தால் அலுமினியம் தான் வளைந்து கியரைக் காப்பாற்றும்; ஸ்டீல் அந்த அடியைக் கியர் வரைக்கும் கொண்டுபோகும். கரையில் ஏற்றி இறக்கும் படகுக்கு அலுமினியமே போதும் என்பது என் கருத்து. வளைந்த இறக்கையைத் தட்டி நிமிர்த்தி மாட்டுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மூன்று இறக்கைகளும் ஒரே சாய்வில் இல்லாவிட்டால் அதிர்வு வரும். அதிர்வு பேரிங்கையும் ஆயில் சீலையும் தின்றுவிடும்.

ஒவ்வொரு படகுக்காரரும் மூன்று விசிறி வாங்கிச் சோதித்துப் பார்க்க முடியாது. மீனவர் கூட்டுறவுச் சங்கங்கள் ஊரில் அதிகம் ஓடும் மோட்டாருக்குப் பொருந்தும்படி 7, 8, 9 அங்குலப் பிட்சில் தலா ஒரு விசிறியும் ஒரு டேக்கோமீட்டரும் வாங்கி வைத்து, கேட்பவர்களுக்கு ஒரு நாள் சோதனைக்குக் கொடுக்கலாம். மோட்டார் விற்பவர்களும் படகின் நீளம், ஏறும் ஆட்கள், வலையின் எடை ஆகியவற்றைக் கேட்டு அதற்கேற்ற விசிறியோடு மோட்டாரைக் கொடுக்க வேண்டும். அவர்கள் கேட்காவிட்டால், பணம் கட்டும் முன் நீங்கள் கேளுங்கள்.